சம்ப் நட்டின்ரை தலை உருண்டுபோச்சு, 14ஆம் சாவி வழுக்குது

வடமராட்சி | யூலை 12, பின்னேரம்

கொரோலா 121. ஒயில் மாத்தக் கீழை படுத்தால் சம்ப் நட் (ஒயில் சட்டியின்ரை அடியிலை, ஒயில் வடியவிடக் கழட்டுற போல்ட், பேருக்குத்தான் நட்) அசையுதில்லை. 14ஆம் ரிங் சாவி போட்டு இழுத்த இழுவையிலை ஆறு மூலையும் மழுங்கிப்போச்சு, இப்ப சாவி சும்மா சுத்துது. டபிள்யூ.டி. 40 அடிச்சு ஊறவிட்டிருக்கு. பெரிய சுத்தியலாலை நாலு போடு போட்டு, காஸ் ரோர்ச் பிடிச்சால் இளகும் எண்டு பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார். சரிவருமோ? நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தி கார் ஓடவேணும்.

பழைய இரும்பு | யூலை 12, இரவு 8.40

ரோர்ச்சைப் பக்கத்து வீட்டுக்கே திருப்பிக் குடுங்கோ தம்பி. சட்டிக்குள்ளை மூண்டரை லீற்றருக்கு மேலை ஒயில், வெளியிலை பழைய கசிவும் புழுதியும். அது பத்தினால் அணைக்கிறதுக்கு முதல் நீங்கள் காருக்குக் கீழையிருந்து வெளியிலை வரவேணும்.

அதைவிட, சூடு உதுக்குத் தேவையே இல்லை. தலை மழுங்கினது ஒரு வருத்தம், மரை (போல்ட்டின்ரை திருகு வெட்டு) இறுகினது வேறை வருத்தம். ரெண்டுக்கும் ஒரே குளிசை குடுக்கிறபடியாலைதான் கனக்கப் போல்ட் முறியுது. சம்ப் நட்டின்ரை மரை எந்த நேரமும் ஒயிலுக்குள்ளை கிடக்கு, துருப்பிடிக்க வழியில்லை. பிடிச்சு வைச்சிருக்கிறது தலைக்குக் கீழை இருக்கிற வாஷரும், போன முறை ஆரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கின இறுக்கமும்தான். முதல் கால் சுத்து அசைஞ்சால் மிச்சம் விரலாலையே வரும். அதாலை ஊறவைக்கிற எண்ணெய்க்கும் இஞ்சை வேலையில்லை. உங்கடை பிரச்சினை ஒண்டே ஒண்டு: மழுங்கின தலையை எதாலை பிடிக்கிறது?

நட் ஒழுகேல்லை எண்டால் அவசரப்படாதேங்கோ. பழைய ஒயிலோடை கார் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

பழைய இரும்பு | யூலை 12, இரவு 9.15

கை வைக்க முந்தி ரெண்டு விஷயம்.

திசை. மல்லாக்கப் படுத்தால் இடம் வலம் எல்லாருக்கும் குழம்பும். நட்டின்ரை தலையை நேருக்கு நேர் பாத்தபடி, மணிக்கூட்டு முள்ளு சுத்திற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். "அசையுதே இல்லை" எண்டு வாற சம்ப் நட்டுகளிலை கனக்க, கழட்டுறம் எண்டு நினைச்சு இறுக்கினது.

ஜக். எங்கடை முற்றங்கள் மணல். ஜக்கை மட்டும் நம்பிக் கீழை போகாதேங்கோ. காரைத் தாங்கிற ஸ்ராண்ட் ரெண்டு, ஒவ்வொண்டுக்கும் கீழை ஒரு அடிச் சதுரத்திலை தடிச்ச பலகை. பனம் பலகை கிடைச்சால் அதைவிடத் திறம் வேறை இல்லை. சீமெந்துக் கல்லு அடுக்கிறது கூடவே கூடாது, பாரம் ஒரு மூலையிலை குந்தினால் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். நீளச் சாவியிலை தொங்கி இழுக்கப் போறியள், கார் ஆடும். பின் சில்லு ரெண்டுக்கும் கல்லு, ஹாண்ட் பிறேக்.

பழைய இரும்பு | யூலை 13, காலை

இனிப் பிடிக்கிற வழியள். லேசானதிலை தொடங்கி முரட்டுக்குப் போவம்.

முதல் தலையைக் கம்பித் தூரிகையாலை தேய்ச்சு, மண்ணெண்ணெய்த் துணியாலை துடைச்சுக் காயவிடுங்கோ. அடிச்ச டபிள்யூ.டி. 40 ஐயும் சேத்துத் துடையுங்கோ, இப்ப அது உங்களுக்கு எதிரி.

14ஆம் நம்பர் ஆறு மூலைச் சொக்கெட், அதைக் கொழுவி இழுக்க நீளமான அரை இஞ்சி உடைக்கிற தடி. ரிங் சாவியள் பெரும்பாலும் 12 மூலை. அது தலையின்ரை மூலைக்குக் கிட்டத்தான் பிடிக்கும், அதாலை மூலையைச் சீவும். ஆறு மூலைச் சொக்கெட் தட்டைப் பக்கத்திலை பிடிக்கும். மூலை போனாலும் தட்டையிலை கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு உள்ளங்கையாலை சொக்கெட்டை நட்டோடை அமத்தி, தடி சரியாமல், ஒரே இழுவையாய் இழுக்காமல் சுள்ளெண்டு வெட்டி இழுங்கோ.

அது வழுக்கினால் 10 இஞ்சி வைஸ் கிரிப், பூட்டிப் பிடிக்கிற குறடு. தாடை தலையின்ரை முழு உயரத்தையும் கவ்வ வேணும், நுனியாலை கடிக்கக்கூடாது. பின்னாலை இருக்கிற திருகை, ரெண்டு கையாலை அமத்தினால்தான் பூட்டும் எண்ட அளவுக்கு முறுக்குங்கோ. லேசாய்ப் பூட்டினால் அது மிச்சத்தையும் உருட்டிப்போட்டு வெளியிலை வரும். இடமிருந்தால் சின்னப் பைப் றென்ச் இன்னும் திறம், அது இழுக்க இழுக்கக் கடிக்கும். ஆனால் வாய் திறந்த பக்கம் பாத்து இழுக்கவேணும், மாறி இழுத்தால் சறுக்கும்.

அதுக்கும் வராட்டில் அரம். தலையை 14 இலையிருந்து 13 க்கு அராவுங்கோ. எதிரெதிர்ப் பக்கம் சோடி சோடியாய், பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர், வேணியர் அளவுகோல் வைச்சுப் பாத்துப் பாத்து. 13ஆம் ஆறு மூலைச் சொக்கெட் தட்டித்தான் ஏறவேணும், தானா ஏறினால் கூட அராவிப்போட்டியள். மினக்கெட்ட வேலை, ஆனால் உதிலை உடைய ஒண்டும் இல்லை.

கடைசி, உளி. தலையின்ரை ஓரத்திலை நேராய் ஒரு வெட்டு, பேந்து உளியைச் சாய்ச்சு, கழருற பக்கம் பாத்துத் தட்டுறது. சட்டி இரும்புத் தகடோ அலுமினியமோ எண்டு முதல் காந்தம் வைச்சுப் பாருங்கோ. காந்தம் ஒட்டாட்டில் உளி, சுத்தியல் ரெண்டும் வேண்டாம். அலுமினியம் நெளியாது, வெடிக்கும்.

லேத்கட்டை | யூலை 13, மத்தியானம்

இரும்பண்ணை சொன்ன ஒழுங்கு சரி, ஒண்டு மட்டும் மாத்தவேணும். அராவ முந்தி, 13ஆம் நம்பர் 12 மூலைச் சொக்கெட் ஒண்டை அடிச்சு ஏத்திப் பாக்கலாம். ஆறு மூலை இல்லை, 12 மூலை. கணக்கு இதுதான்: 13ஆம் ஆறு மூலைச் சொக்கெட்டின்ரை தட்டைக்குத் தட்டை 13 மி.மீ., உங்கடை நட்டிலை மூலை போனாலும் தட்டை நடு இன்னும் 14. பக்கத்துக்கு அரை மில்லி இரும்பைச் சுத்தியல் சீவவேணும், அது நடக்கிற காரியமில்லை. 12 மூலையிலை உள்ளுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பல்லுகளுக்கு நடுவிலை 13.4 மி.மீ. இருக்கு. பக்கத்துக்கு 0.3 தான் வெட்டவேணும், அதையும் பல்லு வெட்டும், தட்டை அமத்தாது. சம்ப் நட் மெது இரும்பு, வெட்டுப்படும்.

மலிவுச் சொக்கெட் ஒண்டை உதுக்கெண்டு பலி குடுங்கோ. நல்ல சொக்கெட்டை அடிக்காதேங்கோ. ஏத்தேக்குள்ளை நேராய் ஏத்தவேணும், சரிஞ்சால் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும். கழண்டு வந்தாப் பிறகு நட் சொக்கெட்டுக்குள்ளை இறுகி நிக்கும். தடி போடுற சதுர ஓட்டையாலை ஒரு பஞ்ச் வைச்சுத் தட்டினால் விழும்.

உள்ளுக்குச் சுருள் வெட்டின, உருண்ட தலைக்கெண்டே செய்யிற சொக்கெட் செற்றும் ஹாட்வெயார்களிலை கிடைக்குது. வீட்டிலை வேலை செய்யிற ஆளுக்கு 10, 12, 14, 17 நாலும் காணும்.

பழைய இரும்பு | யூலை 13, பின்னேரம்

13.4 கணக்கை ஒத்துக்கொள்ளுறன். அப்ப இப்பிடி வைப்பம்: நல்ல தலைக்கும் அரைகுறைத் தலைக்கும் ஆறு மூலை, முழுக்க உருண்ட தலைக்கு ஒரு நம்பர் குறைஞ்ச 12 மூலை, அடிச்சு ஏத்தி. அலுமினியச் சட்டிக்கு உது பொருந்தாது, அங்கை அரம்தான்.

சுத்தியலைப் பற்றியும் ஒருக்கா யோசிச்சன். பக்கத்து வீட்டு அண்ணை சொன்ன "நாலு போடு" முழுப் பிழையும் இல்லை. துருப்பிடிச்ச போல்ட்டின்ரை தலையிலை நேராய், பித்தளைத் துண்டு வைச்சு, சின்னச் சின்னதாய்ச் சுள்ளெண்டு தட்டினால் துரு உடையும். பெரிய சுத்தியலாலை மெதுவா அடிக்கிறது தலையைக் காளானாக்கும், வேறை ஒண்டும் செய்யாது. மெல்லிய தகட்டுச் சட்டிக்கு அதுவும் வேண்டாம்.

வடமராட்சி | யூலை 14

13ஆம் 12 மூலைச் சொக்கெட் ஏறிச்சுது, நட் வந்திட்டுது! பக்கத்து வீட்டு அண்ணையிட்டைச் சொல்லேல்லை. ஆனால் ரெண்டு சந்தேகம். வாஷர் ரெண்டு இருந்தது, ஒண்டு நட்டோடை, ஒண்டு சட்டியோடை ஒட்டிக்கொண்டு. மற்றது, நட்டின்ரை மரையிலை வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு சுருள் ஒட்டிக்கிடக்கு. போல்ட்டின்ரை மரை கழரேக்குள்ளை எனக்கும் சேத்துக் கழண்டுபோகும் போலை இருக்கு.

பழைய இரும்பு | யூலை 14, இரவு

ரெண்டு வாஷர்: பழசு சட்டியிலை ஒட்டியிருக்கிறதைப் பாக்காமல் புதுசைப் போட்டிருக்கினம். பழைய வாஷர் தட்டையாகி, சட்டியின்ரை நிறத்துக்கே வந்திடும், விரல் நகத்தாலை சுரண்டிப் பாத்தால்தான் தெரியும். ரெண்டு வாஷர் இருந்தால் ஒழுகும், ஒழுகினால் இன்னும் இறுக்குவினம், அப்பிடித்தான் மூலையும் மரையும் ஒண்டாய்ப் போகுது.

வெள்ளிக் கம்பி எண்டது பிய்ஞ்சு வந்த மரை. நட்டிலையிருந்து வந்ததோ சட்டியிலையிருந்து வந்ததோ எண்டு பாக்கவேணும். நட்டின்ரை மரையைக் கம்பித் தூரிகையாலை துடைச்சு, வெளிச்சத்துக்கு எதிரை பக்கவாட்டிலை பிடியுங்கோ. எல்லா முடியும் ஒரே உயரமும் ஒரே கூருமாய் இருந்தால் நட் நல்லது, போனது சட்டி. ரெண்டாலொண்டு எப்பிடியும் புது நட் போடுங்கோ. கொரோலாவுக்கு 12 மி.மீ., மரை இடைவெளி 1.25, தலை 14. கடையிலை "12 நட்" எண்டு மட்டும் கேட்டால் 1.5 அல்லது 1.75 மரையைத் தூக்கித் தருவினம். அதுவும் ரெண்டு சுத்து ஏறும், பேந்து இறுகும். அதை மேலும் முறுக்கினால் சட்டி அவ்வளவுதான். புது நட்டை வாஷர் இல்லாமல் விரலாலை மட்டும் முழுக்கச் சுத்தி உள்ளுக்கு அனுப்பிப் பாருங்கோ. கடைசிவரைக்கும் விரலாலை போய், பக்கவாட்டிலை ஆடாமல் நிண்டால் மரை பிழைச்சிட்டுது.

லேத்கட்டை | யூலை 15

ஆடினால் என்ன செய்யிறது எண்டதையும் சொல்லிவிடுறன்.

தானா மரை வெட்டிக்கொண்டு ஏறும் எண்டு விக்கிற பெருத்த நட்டை வாங்காதேங்கோ. அது நேராய் ஏறுறது குறைவு, ஒவ்வொரு ஒயில் மாத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் உளுத்துப்போகும்.

ரெண்டு நல்ல வழி. ஒண்டு, சுருள் கம்பி மரை: துளையைப் பெருப்பிச்சு, உள்ளுக்குக் கம்பிச் சுருளாலை புது மரை வைக்கிறது. செற்றோடை வாற ட்ரில்லையும் மரை வெட்டுற டாப்பையும்தான் பாவிக்கவேணும், அது சாதாரண 12 டாப் இல்லை. கம்பியை ஏத்தினாப் பிறகு அதின்ரை மேல் விளிம்பு துளையின்ரை வாயிலையிருந்து அரைச் சுத்து உள்ளுக்கு நிக்கவேணும், கீழை இருக்கிற வாலை முறிச்சு வெளியிலை எடுக்கவேணும். வால் சட்டிக்குள்ளை விழுந்தால் தேடி எடுக்காமல் நட்டைப் பூட்டாதேங்கோ.

மற்றது எனக்குப் பிடிச்சது: துளையை 14 மி.மீ., 1.5 மரைக்குப் பெருப்பிக்கிறது. ட்ரில் 12.5. பேந்து ஹொண்டாவின்ரை சம்ப் நட் அப்பிடியே பொருந்தும், அது 14க்கு 1.5, தலை 17. எந்தக் கடையிலையும் கிடைக்கும், வாஷரும் கிடைக்கும். முதல் பாக்கவேண்டியது, துளையைச் சுத்தி இருக்கிற கட்டியிலை போதிய இரும்பு மிஞ்சுமோ எண்டது. துளை ஓரத்திலையிருந்து கட்டி ஓரத்துக்கு நாலு மில்லியெண்டாலும் மிஞ்சாட்டில் விடுங்கோ.

டாப்பின்ரை பள்ளத்திலை கிறீஸ் அப்புங்கோ, சீவல் அதிலை ஒட்டும். அரைச் சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு. ரெண்டு மூண்டு சுத்துக்கு ஒருக்கா வெளியிலை எடுத்துத் துடைச்சுப் புதுக் கிறீஸ். முடிய, நட்டைப் போடாமல் மேலையிருந்து அரை லீற்றர் மலிவு ஒயிலை ஊத்தி வழியவிட்டால் மிச்சச் சீவலும் வரும். பழைய ஒயிலை வடிகட்டி ஊத்தலாமோ எண்டு ஒருத்தரும் கேக்காதேங்கோ.

காரைக்காற்று | யூலை 15, இரவு

இடையிலை பூருறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு நேர்மாறான வருத்தம். ஹொண்டா ஃபிற், முன் பிறேக் டிஸ்க் மாத்தவேணும். டிஸ்க்கைப் பிடிச்சிருக்கிற ரெண்டு நட்சத்திர ஸ்குறூவிலை ஒண்டின்ரை வாய் கிண்ணமாய்ப் போச்சு. ஒவ்வொரு நாளும் பொன்னாலைப் பாலத்தாலை போய் வாற கார், சோளகக் காத்து அடிச்சால் உப்புத் தண்ணி கண்ணாடி வரைக்கும் வரும்.

பழைய இரும்பு | யூலை 16, காலை

இதுதான் மரை இறுகின வருத்தம். இப்ப ஊறவைக்கிற எண்ணெய்க்கு வேலை இருக்கு.

முதல் ஒரு ஆறுதல்: அந்த ஸ்குறூ ரெண்டும் காருக்குத் தேவையில்லை. தொழிற்சாலையிலை சில்லுப் பூட்டும் வரைக்கும் டிஸ்க் விழாமல் இருக்க வைச்சது. சில்லு நட் இறுகினால் டிஸ்க் தன்பாட்டிலை ஹப்போடை (சில்லுப் பூட்டுற நடுப்பகுதி) அமந்திடும். அதாலை தலையைத் துளைச்சு எறியப் பயப்படவேண்டாம்.

மற்ற ஸ்குறூவைக் காப்பாத்துவம். 3ஆம் நம்பர் நட்சத்திர பிற் போடுங்கோ. வீட்டிலை எல்லாரிட்டையும் கிடக்கிறது 2ஆம் நம்பர், அது ஏறும், அடியிலை மட்டும் பிடிக்கும், வாயைக் கிண்ணமாக்கும். ஜப்பான் ஸ்குறூவின்ரை பள்ளமும் எங்கடை சாதாரண பிற்றும் அச்சொட்டாய் ஒண்டில்லை, அதுக்கெண்ட ஜப்பான் பிற் கிடைச்சால் இன்னும் நல்லது. பள்ளத்துக்குள்ளை இருக்கிற துருவை ஒரு கம்பியாலை கிண்டி எடுத்திட்டுத்தான் பிற்றை வைக்கவேணும். பிறகு சுத்தியலாலை அடிக்கிற இம்பாக்ட் டிரைவர், கழருற பக்கம் திருப்பி, கையாலை அந்தப் பக்கம் முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு அடி. அடி பிற்றை உள்ளுக்குத் தள்ளேக்குள்ளையே திருப்பும், அதாலை வழுக்காது. ஆள் பிறேக் மிதிச்சால் டிஸ்க் சுத்தாது.

கிண்ணமாய்ப் போனதுக்கு 8 மி.மீ. ட்ரில். ஸ்குறூ 6 மில்லி, 8 ஆலை தலையின்ரை ஆழத்துக்கு மட்டும் துளைச்சால் தலை வளையமாய்க் கழண்டு ட்ரில்லோடை சுத்தும். அங்கை நிப்பாட்டுங்கோ. டிஸ்க்கை எடுத்தால் 6 மில்லிக் கம்பு ஹப்பிலை நீட்டிக்கொண்டு நிக்கும், தலையின்ரை இறுக்கம் போனபடியாலை வைஸ் கிரிப்புக்குப் பெரும்பாலும் உடனை வரும். திருப்பிப் பூட்டேக்குள்ளை 10 நியூட்டன் மீற்றருக்குக் கிட்டத்தான், அதாவது மணிக்கட்டு இறுக்கம். மரையிலை ஒரு பொட்டுச் செம்புக் கிறீஸ்.

டிஸ்க் ஹப்போடை ஒட்டியிருந்தால் முகத்திலை மரை வெட்டின ரெண்டு சின்ன ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் 8 மில்லி, 1.25 மரைப் போல்ட் ரெண்டை மாறி மாறிக் கால் கால் சுத்தாய் இறுக்க டிஸ்க் தானா வெளியிலை வரும். ரொயோட்டாவிலையும் அதே அளவுதான்.

பழைய இரும்பு | யூலை 16, பின்னேரம்

ஊறவைக்கிற எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூ.டி. 40 ஈரம் போக்கிறதுக்கு நல்லது, இறுகின மரைக்குள்ளை பூருறதிலை அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. கியர் பெட்டிக்கு ஊத்துற ஏ.ரி.எஃப். ஒயிலும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி, ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்டு ரெண்டு சொட்டு. ரெண்டும் தானாக் கலந்து நிக்காது. நெருப்புக்கும் பெயின்ருக்கும் கவனம். அசிற்றோன் இல்லாட்டில் மண்ணெண்ணெய் சேக்கலாம். 90களிலை பொருளாதாரத் தடைக்குள்ளை மண்ணெண்ணெயிலை காரே ஓடின ஊர், போல்ட் ஊறுறது பெரிய விஷயமில்லை. ஆனால் ஊத்தின கையோடை இழுக்காதேங்கோ. ஒரு இரவு விடுங்கோ, இடையிலை தலையிலை தட்டி விடுங்கோ, தட்டினால்தான் உள்ளுக்கு இறங்கும். பிறேக் பாட்டிலையும் டிஸ்க் முகத்திலையும் பட்டால் பாட் முடிஞ்சுது.

சூடு தேவைப்பட்டால், போல்ட்டை இல்லை, போல்ட் இருக்கிற துளையைச் சுத்திச் சூடாக்கவேணும். துளை விரியும், துரு வெடிக்கும். சூட்டோடை மெழுகுதிரியை மரை ஓரத்திலை தொட்டால் உருகி உள்ளுக்கு இழுபடும். அலுமினியத்துக்கு ரோர்ச் பிடிக்கிறவை கவனிக்கவேண்டியது: இரும்பு சிவந்து சொல்லும், அலுமினியம் ஒண்டும் சொல்லாது, 660 பாகையிலை சும்மா கீழை விழும்.

லேத்கட்டை | யூலை 16, இரவு

சூட்டோடை இன்னொண்டு. பிறேக் கழுவுற ஸ்பிறே அடிச்ச இடத்திலை ரோர்ச்சோ வெல்டிங்கோ பிடிக்காதேங்கோ. குளோரின் சேந்த ஸ்பிறே எண்டால் சூட்டிலை பொஸ்ஜீன் வாயு வரும், அது முதலாம் உலகப் போரிலை ஆக்களைக் கொல்லப் பாவிச்ச சாமான். ரின்னிலை எழுதியிருக்கிறதை வாசிச்சு, குளோரின் இல்லாததாய் வாங்குங்கோ, அதுவும் காய்ஞ்சாப் பிறகுதான் நெருப்பு.

முறிஞ்சு உள்ளுக்கு நிக்கிற போல்ட்டுக்கு ஈஸி அவுட் வாங்கிறவைக்கும் சொல்லவேணும். கூம்பு மாதிரி இருக்கிற அந்தத் திருகு, உள்ளுக்குப் போகப் போகப் போல்ட்டை விரிச்சு மரையோடை இன்னும் அமத்தும். அதிகமாய் இறுக்கி முறிஞ்ச போல்ட்டுக்கு அது சரி, ஏனெண்டால் தலை போனாப் பிறகு இறுக்கம் இல்லை. துருப்பிடிச்சு முறிஞ்சதுக்கு அதைப் போட்டால் அதுவும் உள்ளுக்கு முறியும். அது கடும் உருக்கு, வீட்டு ட்ரில் அதைக் கீறாது. அப்பிடி என்ரை லேத்துக்கு வாற சாமானைப் பாத்தால் போல்ட் எடுக்கிற கூலி இல்லை, ஈஸி அவுட் எடுக்கிற கூலிதான் வாங்கவேண்டி இருக்கு.

அதுக்குப் பதில் இடக்கை ட்ரில். நடுவிலை பஞ்ச் குத்தி, மெது வேகத்திலை, எதிர்ப்பக்கம் சுத்தவிட்டால், கனதரம் துளைச்சுக்கொண்டிருக்கேக்குள்ளையே போல்ட் பிடிபட்டு வெளியிலை வரும். 8 மில்லி, 1.25 மரைப் போல்ட் எண்டால் 3, 5, கடைசியாய் 6.8 எண்டு போகலாம். துளை நடுவிலை விழுந்திருந்தால் 6.8 இலை மரையின்ரை சுருள் மட்டும் மிஞ்சும், கூர்க் கம்பியாலை உரிச்சு எடுக்கலாம். நடு தப்பினால் விட்டிட்டுக் கொண்டுவாங்கோ.

நீட்டிக்கொண்டு முறிஞ்சிருந்தால் மேலை ஒரு நட் வைச்சு உள்ளுக்கு வெல்ட் பிடிக்கிறது எல்லாத்திலையும் திறம். சூடும் சேந்து கிடைக்குது. பற்றறி வயர் கழட்டித்தான், எர்த் அந்தப் போல்ட்டுக்குக் கிட்ட. சம்ப் பக்கமும் பெற்றோல் தாங்கிப் பக்கமும் உந்தக் கதையே வேண்டாம்.

மொறிஸ்காரன் | யூலை 18

எல்லாரும் ஜப்பான் கார்க்காரர். என்னட்டை மொறிஸ் மைனர். அதிலை எந்தச் சாவி போட்டாலும் மூலை போகுது.

பழைய இரும்பு | யூலை 18, இரவு

மில்லிச் சாவி போடுறியள், அதுதான். அது அங்குலக் கார். அரை இஞ்சித் தலை 12.7 மி.மீ., அதுக்கு 13ஆம் சாவி போட்டால் 0.3 இடைவெளி, புதுத் தலைக்குப் பரவாயில்லை, வயசுபோன தலையை உருட்டும். 7/16 எண்டது 11.1, அதுக்கு 11 ஏறாது, 12 போடுவினம், அங்கை கதை முடிஞ்சுது. 3/4 எண்டால் 19.05, 19 தாராளமாய்ப் போடலாம். இதைவிடப் பழைய ஆங்கிலக் கார்களிலை விற்வேர்த் அளவும் வரும். அந்தச் சாவியிலை எழுதியிருக்கிறது போல்ட்டின்ரை தடிப்பு, தலையின்ரை அகலம் இல்லை. கால் இஞ்சி எண்டு எழுதின சாவியின்ரை வாய் 13.3 மில்லி இருக்கும். 3/8 எண்டு எழுதினது 18. கைக்கு வந்த சாவியைப் போடாமல், தலையை வேணியராலை அளந்துபோட்டுச் சாவியை எடுங்கோ.

ஜப்பான் கார்க்காரருக்கும் இதிலை ஒரு செய்தி. ஜப்பான் காரிலை 8 மில்லிப் போல்ட்டின்ரை தலை 12, ஹாட்வெயாரிலை வாங்கிற 8 மில்லிப் போல்ட்டுக்குத் தலை 13. உங்கடை காரிலை 13 தலை கண்டால், முந்தி ஆரோ கைவைச்ச இடம் எண்டு விளங்கிக்கொள்ளலாம். அந்தப் போல்ட்டிலை இழுக்க முந்தி ரெண்டுதரம் யோசியுங்கோ.

காரைக்காற்று | யூலை 19

ரெண்டு ஸ்குறூவும் வந்திட்டுது, ஒண்டு இம்பாக்டுக்கு, மற்றது ட்ரில்லுக்கு. டிஸ்க்கும் மாறியாச்சு. உப்புக்குத் துருப்பிடிக்காமல், பிறேக் பாட்டைப் பிடிச்சிருக்கிற கலிப்பரின்ரை போல்ட்டையும் துருப்பிடிக்காத உருக்கிலை போட்டால் என்ன?

லேத்கட்டை | யூலை 19, இரவு

பிறேக்குக்கு வேண்டாம். கலிப்பர் பிடிக்கிற போல்ட்டின்ரை தலையிலை என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. 8.8 எண்டு இருந்தால் சதுர மில்லிக்கு 800 நியூட்டன் வரைக்கும் தாங்கும், 640 வரைக்கும் நீளாது. 10.9 அதைவிடக் கூட. ஹாட்வெயாரிலை விக்கிற ஏ2-70 துருப்பிடிக்காத போல்ட் 700 தாங்கும், ஆனால் 450 இலையே நீளத் தொடங்கும். நீண்டால் இறுக்கம் போகும். உருக்கும் உருக்கும் உரசி மரை வெல்ட் பிடிச்ச மாதிரி இறுகிற பழக்கமும் அதுக்கு இருக்கு, பேந்து இஞ்சை வந்து திருப்பிக் கேப்பியள். அலுமினியத்துக்குள்ளை போட்டால் உப்புத் தண்ணியிலை போல்ட் பளபளக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாய்க் கொட்டும். நம்பர் பிளேற், மட்காட் எண்டால் தாராளமாய்ப் போடுங்கோ.

கலிப்பருக்கு அதே தர இரும்புப் போல்ட் புதுசு, மரை துடைச்சு. பாலத்தாலை போய்வந்த நாளிலை அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணி அடியுங்கோ, உவர்க் கிணத்துத் தண்ணியாலை கழுவிப் பிரயோசனம் இல்லை.

வடமராட்சி | யூலை 20

என்ரை சட்டி மரை பிழைச்சிட்டுது, புது நட் விரலாலை கடைசிவரைக்கும் போகுது, ஆடேல்லை. எவ்வளவு இறுக்கிறது? இறுக்கம் அளக்கிற ரோர்க் றென்ச் இல்லை.

பழைய இரும்பு | யூலை 20, இரவு

37 நியூட்டன் மீற்றர். றென்ச் இல்லாட்டில் மீன் நிறுக்கிற தொங்கு தராசு காணும். சொக்கெட்டின்ரை நடுவிலையிருந்து 25 செ.மீ. தூரத்திலை தடியிலை அடையாளம் போட்டு, அங்கை தராசைக் கொழுவி, தடிக்குச் செங்குத்தாய் இழுங்கோ. 15 கிலோ காட்டினால் 37 சரி. ஹொண்டா 14 நட்டுக்கு 39, அதாவது 16 கிலோ. புது வாஷர் ஒண்டே ஒண்டு, தட்டை முகம் ரெண்டும் துடைச்சு. மரையிலை கிறீஸ் பூசாதேங்கோ, பூசினால் அதே 15 கிலோவுக்குக் கூட இறுகும்.

வடமராட்சி | யூலை 21

அதே தராசாலை சில்லு நட்டும் இறுக்கலாமோ?

பழைய இரும்பு | யூலை 21

இறுக்கலாம். தூரத்தை 50 செ.மீ. ஆக்குங்கோ. கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், அது 21 கிலோ. ஹொண்டாவுக்கு 108, 22 கிலோ. 25 கிலோ வரைக்கும் காட்டுற தராசு அந்த இடத்திலை நுனிக்கு வந்திடும், 50 கிலோ காட்டுறதாய் வாங்குங்கோ. கார் நிலத்திலை நிக்க, ஒண்டு விட்டு ஒண்டு குறுக்கை, ரெண்டு தரமாய்: முதல் சுத்துக்கு 12 கிலோ, பேந்து முழுசு. வீட்டிலை மீன் வாங்கிற தராசையே எடுத்தால், கிறீஸ் கையோடை திருப்பி வைக்காதேங்கோ, அந்தச் சண்டைக்கு என்னட்டை வழி இல்லை.